பூப்பும் ஈராறு நாளும்: கருத்தரிப்புக் காலத்தை எண்ணிய வரலாறு

முன்னுரை

மகப்பேறு வேண்டுவோர் நாளெண்ணும் வழக்கம் மிகப் பழைமையானது. ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையிலுள்ள நாள்களில் கருத்தரித்தற்கு உரிய நாள் எது என்னும் வினாவை இலக்கண நூலார், அறநூலார், மருத்துவ நூலார் ஆகிய மூவரும் எழுப்பியுள்ளனர். அவர்கள் தந்த விடைகள் ஒன்றோடொன்று பெரிதும் ஒத்தவை. ஆயினும் பெண்ணின் சூலகத்திலிருந்து சூல்முட்டை வெளிப்படும் காலம் இதுவெனத் திட்டமாக அறியப்பட்டது 1920-களில்தான். அதற்கு முந்திய நூல்கள் யாவும் முட்டையைக் காணாமலேயே அதன் காலத்தைக் கணித்தவையாகும்.

தொல்காப்பியக் கற்பியல் பூப்பினைச் சார்த்தி ஈராறு நாள் கணக்கொன்றைத் தருகிறது. இக்கணக்கைச் சான்றாகக் காட்டி, இன்றைய மருத்துவ அறிவு முழுவதும் பழந்தமிழர்க்கு முன்பே இருந்தது எனப் பெருமை கொள்வோர் உளர். அதனை வெறும் சடங்குக் கட்டுப்பாடு என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு நிலைகளும் நூற்பாவின் கணக்கை நாள்வாரியாகச் சோதித்துப் பார்த்தவை அல்ல. அக்கணக்கை வடமொழி நூல்களின் இருதுக் கணக்கோடும், ஐரோப்பிய மருத்துவம் கடந்துவந்த பிழைகளோடும், இன்று நிறுவப்பட்டுள்ள கருவளக் காலத்தோடும் ஒப்பிட்டு அதன் வலிமையையும் எல்லையையும் வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியமும் உரைமரபும்

பரத்தையிற் பிரிவைப் பேசும் இடத்தில்தான் தொல்காப்பியர் இவ்விதியைக் கூறுகிறார். தலைவன் பரத்தையை நாடிப் பிரிந்திருப்பினும், தலைவியின் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாளும் அவளை நீங்கி உறைதல் ஆகாது என்பது நூற்பாவின் பொருள். விதியின் நோக்கம் நூற்பாவில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. உரையாசிரியர்களே அதனைக் கருத்தரித்தலோடு இயைத்துப் பொருள் விரித்தனர். பூப்புத் தோன்றிய முதல் மூன்று நாளும் கூட்டத்திற்கு உரியன அல்ல என்றும், அந்நாள்களில் தங்கும் கரு அழியும் அல்லது நெடிது வாழாது என்றும் காரணம் கூறுவது உரைமரபு.

'புறப்பாடு' என்னும் சொல்லுக்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்து இந்நூற்பாவின் கணக்கு மாறுகிறது. புறப்பாடு என்பதைத் தோற்றம் எனக் கொண்டால், பூப்புக் கண்ட நாள் முதலாகப் பன்னிரண்டு நாள் எண்ணுதல் வேண்டும். அவ்வாறாயின் விதிக்கு உட்படுபவை சுழற்சியின் 1 முதல் 12 வரையிலான நாள்கள். விலக்குக்குரிய மூன்று நாள் கழிந்த பின்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும் எனக் கொண்டால், அவை 4 முதல் 15 வரையிலான நாள்களாகும். உரை வேறுபாடு எனச் சிறிதாகத் தோன்றும் இம்மூன்று நாள் இடைவெளி கருத்தரிப்பு நோக்கில் மிகப் பெரியது. இதன் விளைவு பின்னர்க் காட்டப்பெறும்.

நூற்பாவின் சொல்லாட்சியில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. இன்ன நாளில் கூடுக என்று அது நாள் குறிக்கவில்லை. நீங்கி உறையாமையையே அது கட்டளையிடுகிறது. ஒரு நாளைச் சுட்டாமல் பல நாள்களின் தொகுதியைச் சுட்டுவதால், கணிப்பில் நேரும் பிழையைத் தாங்கும் அகலம் இவ்விதிக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. நாள் குறித்துக் கூறிய பிற்கால நூல்களுக்கு இவ்வகலம் வாய்க்கவில்லை.

செவ்வணி என்னும் செய்தி

பூப்பு நிகழ்ந்ததைப் பரத்தையர் சேரியிலுள்ள தலைவனுக்கு அறிவிக்கும் வழியாக அகப்பொருள் மரபு செவ்வணியை அமைத்துக்கொண்டது. செந்நிற ஆடையும் அணியும் பூண்ட சேடி தலைவனிடம் விடுக்கப்படுவாள். அவளது கோலமே செய்தியாகும். சொல் எதுவும் வேண்டுவதில்லை. நம்பியகப்பொருளும் திருக்கோவையாரும் இதனைப் பரத்தையிற் பிரிவின் துறைகளுள் அமைத்துள்ளன.

புலவர் மரபாகிய இச்செய்தியை அக்காலச் சமூக நடைமுறைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் இதன் கருத்தமைப்பு ஆராய்தற்குரியது. நாளை எண்ணுபவள் தலைவி. செய்தி கொண்டு செல்பவள் மற்றொரு பெண். வந்து சேர வேண்டியவன் தலைவன். பூப்பின் காலம் குறித்த அறிவு பெண்களிடமே இருந்தது என்னும் உண்மையை மரபு ஒப்புக்கொள்கிறது. அதே வேளையில், பரத்தையோடு வாழும் கணவனிடம் மனைவி கோரத்தக்க உரிமை இப்பன்னிரண்டு நாள்களாகச் சுருங்கிவிடுவதையும் அது காட்டுகிறது. அவள் மகப்பேற்றின் பொருட்டு நினைக்கப்படுகிறாள். ஆகவே ஈராறு நாள் விதியைத் தலைவிக்குக் காப்பு எனவும், அவளது நிலைக்கு எல்லை எனவும் ஒருசேரக் கொள்ளுதலே பொருந்தும்.

வடமொழி நூல்களில் இருது

பருவத்தைக் குறிக்கும் இருது என்னும் சொல்லையே வடமொழி நூல்கள் பெண்ணின் கருத்தரிப்புக் காலத்துக்கும் வழங்கின. சுசுருத சங்கிதை இருதுவைப் பன்னிரண்டு இரவுகள் என்கிறது. பகல் முடிந்ததும் தாமரை குவிவதுபோல, இருது கழிந்ததும் கருவழி குவிந்துவிடும் என்பது அந்நூல் தரும் உவமை. பருவம், நிலம், நீர், வித்து என்னும் நான்கும் கூடிய வழி முளை தோன்றுவதுபோல் கருவும் தோன்றும் எனவும் அது விளக்குகிறது.

மனுநூலின் மூன்றாம் இயல் இருதுவைப் பதினாறு இரவுகளாகக் கொண்டு, அவற்றுள் முதல் நான்கையும் விலக்குகிறது. எஞ்சுபவை பன்னிரண்டு. அவை சுழற்சியின் 5 முதல் 16 வரையிலான நாள்கள். அவற்றிலும் பதினோராம் இரவும் பதின்மூன்றாம் இரவும் ஆகா என்று கூறி, பத்து இரவுகளையே மனுநூல் ஏற்கிறது. இரட்டைப்படை இரவுகளில் ஆண்மகவும் ஒற்றைப்படை இரவுகளில் பெண்மகவும் உண்டாகும் என்னும் விதியும் அங்கே இடம்பெறுகிறது. தமிழில் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரம் கருவுற்பத்தியைப் பேசுமிடத்து, மகவின் பால் வேறுபாட்டை மூச்சோட்டத்தோடு இயைக்கிறது. கருவின் தோற்றத்தைக் கணிக்க முயன்றவர்கள் உடனடியாக மகவின் பாலையும் கணிக்க முற்பட்டனர் என்பது இவற்றால் தெளிவாகிறது. பால் வேறுபாடு ஆணின் விந்தணு தாங்கும் குரோமோசோமால் அமைகிறது என்பதற்கான அடிப்படை 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ், எட்மண்ட் வில்சன் ஆகியோரின் ஆய்வுகளால் இடப்பட்டது. இரவின் எண்ணுக்கு இதில் பங்கில்லை.

இருதுக் கணக்கு மருத்துவக் கருத்தாக மட்டும் நின்றிருந்தால் அதன் பிழைகள் பெருந்தீங்கு விளைத்திரா. அறநூல்கள் அதனைக் கடமையாக மாற்றின. பூப்பெய்திய மகளை மணம் செய்து கொடாத தந்தைக்கு ஒவ்வோர் இருதுவிலும் கருவழித்த பாவம் சேரும் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. ஒவ்வோர் இருதுவும் ஒரு கருவுக்குச் சமம் என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. இவ்வெண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை வலிமையோடு நிலவியது. 1891-ஆம் ஆண்டு இசைவு வயதுச் சட்டம் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோது, மணமான சிறுமியரும் அச்சட்டத்துக்கு உட்பட்டனர். பன்னிரண்டு வயதுக்கு முன் பூப்பு நிகழ்ந்தால் கர்ப்பாதானச் சடங்கு தவறிவிடும் என்பதே எதிர்த்தோர் முன்வைத்த முதன்மைக் காரணம். முதற்பூப்பை அடுத்த காலத்தில் பல சுழற்சிகள் முட்டை வெளிப்படாமலேயே கழிகின்றன என்பது இன்று அறியப்பட்ட உண்மை. எந்தக் கருவின் பொருட்டுச் சிறுமியரின் உடல் பணயம் வைக்கப்பட்டதோ, அக்கரு தோன்றுதற்குரிய முட்டையே அச்சுழற்சிகள் பலவற்றில் வெளிப்பட்டிராது.

பூவும் காயும்: உவமையின் திசை

தமிழில் பூப்பு என்றும் வடமொழியில் புஷ்பம் என்றும் மாதவிடாய் வழங்கப்பெற்றது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் அதற்கு மலர் என்னும் பெயர் முன்பு வழங்கியது. தொடர்பற்ற நிலங்களில் ஒரே உருவகம் தோன்றியமைக்குக் காரணம் எளியது. பூத்த மரம் காய்க்கும். பூவாத மரம் காய்க்காது. பூப்பு எய்தியவளே கருக்கொள்வாள் என்பதும் அனைவரும் கண்ட உண்மை.

உருவகம் அதனோடு நின்றுவிடவில்லை. பூவை அடுத்துக் காய் வருவதுபோல், ஒவ்வொரு மாதமும் பூப்பை அடுத்தே கருத்தரிக்கும் காலம் வரும் என்னும் எதிர்பார்ப்பையும் அது விதைத்தது. உடலின் இயக்கமோ வேறு வகையானது. முட்டை முதலில் வெளிப்படுகிறது. கருத்தரிக்கவில்லையாயின், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின் கருப்பையின் உட்படலம் கழிகிறது. அக்கழிவே மாதவிடாய். அது வரவிருக்கும் காய்க்கு முன்வரும் மலர் அன்று. காய்க்காமற் போனதன் பின் நிகழும் உதிர்வு. முடிவில் நிகழ்வதைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணியமையே பழங்கணக்குகள் அனைத்துக்கும் பொதுவான தடுமாற்றமாகும். முதலில் கண்ணுக்குப் புலப்படுவது அதுவே ஆதலின் இத்தடுமாற்றம் இயல்பானதும் ஆகும்.

ஐரோப்பிய மருத்துவத்தின் நெடும்பிழை

கிரேக்க மருத்துவமும் இதே திசையில்தான் எண்ணியது. ஹிப்போகிரட்டசின் பெயரால் வழங்கும் நூல்கள் மாதவிடாய் நின்றதை அடுத்த நாள்களைக் கருத்தரிப்புக்கு ஏற்றவையாகக் கருதின. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எபேசஸ் நகரத்துச் சொரானசும், மாதவிடாய் ஓய்ந்துவரும் காலத்தையே சிறந்ததாகக் கொண்டார்.

கண்ணால் காணும் ஆய்வு தொடங்கிய பின்னரும் இக்கருத்து மாறவில்லை என்பதே வியப்புக்குரியது. 1672-இல் டச்சு நாட்டு மருத்துவர் ரெக்னியர் தெ கிராஃப் சூலகத்திலுள்ள நுண்பைகளை விளக்கினார். அவற்றையே முட்டைகள் என அவர் கருதினார். நுண்பையின் உள்ளிருக்கும் உண்மையான முட்டையை 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் நாயின் சூலகத்தில் கண்டறிந்தார். நாய் போன்ற விலங்குகளில் முட்டை புணர்ச்சியின்றித் தானே வெளிப்படுகிறது என்பது 1840-களில் தியோடர் பிஷோஃப் முதலியோரால் நிறுவப்பட்டது.

இங்கேதான் புதிய பிழை ஒன்று தோன்றியது. பெண்நாய்க்கு இணைவிழைச்சுப் பருவத்தின் தொடக்கத்தில் குருதி கசியும். அதனை அடுத்து முட்டை வெளிப்படும். இதனைக் கண்ட அறிஞர்கள் மனிதப் பெண்ணின் மாதவிடாயும் அத்தகையதே எனக் கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் ஃபெலிக்ஸ் புஷே 1847-இல் வெளியிட்ட நூல், மாதவிடாயிலும் அதனை அடுத்த பன்னிரண்டு நாள் வரையிலுமே கருத்தரிப்பு நிகழும் என்றது. இதுவும் ஒரு பன்னிரண்டு நாள் கணக்கே. சுசுருதரும் புஷேயும் வேறு வேறு வழிகளில் ஒரே எண்ணை அடைந்தமை, அவ்வெண் உண்மை என்பதற்குச் சான்றாகாது. இருவரும் மாதவிடாயையே தொடக்கமாகக் கொண்டனர் என்பதற்கே அது சான்று.

இப்பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. சுழற்சியின் நடுப்பகுதியில் கரு உண்டாகாது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் அறிவுறுத்தினர். மகப்பேறு வேண்டாதவர்கள் அந்நாள்களைத் தேர்ந்தனர், வேண்டியவர்கள் தவிர்த்தனர். இரு சாராரும் தாம் நாடியதற்கு மாறான பயனையே பெற நேர்ந்தது.

பின்னோக்கி எண்ணிய ஓகினோ

இத்தடுமாற்றத்தை நீக்கியவர்களுள் முதலில் வைத்தெண்ணத்தக்கவர் ஜப்பானின் நீகாட்டா நகர மருத்துவர் கியுசாகு ஓகினோ. வயிற்று அறுவை மருத்துவம் பெற்ற பெண்களின் சூலகங்களை நேரிற் கண்டு, அவர்களது மாதவிடாய் நாள்களோடு ஒப்பிட்டு, 1924-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். அடுத்து வரவிருக்கும் மாதவிடாய்க்கு முன் 12 முதல் 16 நாள்களுக்குள் முட்டை வெளிப்படுகிறது என்பது அம்முடிவு. ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாவுஸ் கருப்பைத் தசையின் இயக்கத்தை ஆராய்ந்து இதனோடு நெருங்கிய முடிவுக்கு வந்தார்.

ஓகினோவின் கண்டுபிடிப்பில் எண்ணைக் காட்டிலும் எண்ணும் திசையே முதன்மையானது. கழிந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வரவிருக்கும் மாதவிடாயிலிருந்து அவர் பின்னோக்கி எண்ணினார். சுழற்சியின் முற்பகுதி பெண்ணுக்குப் பெண்ணும், ஒரே பெண்ணிடம் மாதத்துக்கு மாதமும் நீளும், குறையும். முட்டை வெளிப்பட்ட பிறகு வரும் பிற்பகுதியோ பெரும்பாலும் இரண்டு வார அளவில் அமைகிறது. ஆகவே 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாளை ஒட்டியும், 35 நாள் சுழற்சியில் 21-ஆம் நாளை ஒட்டியும் முட்டை வெளிப்படும். நாலாயிரம் எண்ணினும் முன்னோக்கிய கணக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

ஓகினோ தம் ஆய்வைக் கருத்தடைக்காக மேற்கொள்ளவில்லை. கருத்தரிக்க விழைவோர்க்கு அது உதவவேண்டும் என்றே கருதினார். எனினும் 1930-களில் உலகெங்கும் அவர் பெயர் பாதுகாப்புக் காலம் என்னும் கருத்தடை முறையோடே இணைந்து பரவியது.

உடல் காட்டும் குறிகள்

நாட்கணக்கு ஊகமே. முட்டை வெளிப்பாட்டை உடல் தானே காட்டும் குறிகளைத் தேடும் முயற்சி அதற்கு இணையாக நடைபெற்றது. ஓய்வுநிலை உடல்வெப்பம் சுழற்சியின் பிற்பகுதியில் உயர்கிறது என்பதை 1904-ஐ ஒட்டி டச்சு மருத்துவர் வான் தெ வெல்டே விளக்கினார். முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரே அவ்வுயர்வுக்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உயர்வின் அளவு அரை டிகிரி செல்சியசுக்கும் குறைவே. மேலும் அது முட்டை வெளிப்பட்ட பின்னரே தோன்றுவதால், கழிந்ததை உறுதிப்படுத்துமேயன்றி வருவதை முன்னறிவிக்காது.

வருவதை முன்னறிவிக்கும் குறி கருப்பைக் கழுத்தின் சளி நீர். முட்டை வெளிப்படும் காலம் நெருங்க நெருங்க அது தெளிந்து, வழுவழுப்பாகி, நூல்போல் நீளும் தன்மை பெறுகிறது. 1950-களில் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்னும் மருத்துவ இணையர் இதனை முறைப்படுத்திப் பெண்களுக்குக் கற்பித்தனர். மூன்றாவது குறி சிறுநீரிலும் குருதியிலும் காணப்படும் எல்.எச். இயக்குநீரின் எழுச்சி. அவ்வெழுச்சி தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிப்படுகிறது. 1978-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தமைக்கு, தாயின் இயற்கைச் சுழற்சியில் இவ்வெழுச்சியைச் சிறுநீரில் கண்டறிந்து உரிய நேரத்தில் முட்டையை எடுத்தமையும் ஒரு காரணமாகும். 1980-களிலிருந்து இச்சோதனை வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பட்டையாக விற்பனைக்கு வந்தது. இன்று மீயொலிக் கருவி நுண்பையின் வளர்ச்சியை மில்லிமீட்டர் அளவில் காட்டுகிறது.

இந்தியாவில் மணிமாலை

விடுதலை பெற்ற இந்தியா குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியபோது நாளெண்ணும் முறை மீண்டும் அரங்கேறியது. 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கரோடு உரையாடிய காந்தியடிகள் கருத்தடைக் கருவிகளை ஏற்கவில்லை. பாதுகாப்புக் கால முறையில் தன்னடக்கத்துக்கு ஓரளவு இடமுண்டு என்னும் காரணத்தால் அதனைக் குறைந்த அளவிலேனும் ஏற்கத்தக்கதாக அவர் கருதினார். அவர்வழி நின்ற நலவாழ்வுத் துறை அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், 1951-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியை நாடினார். மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் வகுத்த முறைப்படி தில்லியின் லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து இராமநகரத்திலும் முன்னோடி ஆய்வுகள் நடைபெற்றன.

எழுத்தறியாத பெண்களும் நாளெண்ணுதற்குப் பல நிற மணிகள் கோத்த மாலை அவர்களுக்கு வழங்கப்பட்டது. நாளுக்கொரு மணியாகத் தள்ளிவர வேண்டும். நிறம் அன்றைய நாளின் தன்மையைக் காட்டும். இம்முறை எதிர்பார்த்த அளவில் வேரூன்றவில்லை. சுழற்சி சீரற்ற பெண்களுக்கு மாலை பொருந்தாது. ஒரே பெண்ணிடமும் மாதந்தோறும் நாள் மாறும். நாளெண்ணுபவள் அவளாயினும், விலகி நிற்க இசைய வேண்டியவன் கணவன். செவ்வணி மரபில் செய்தி கிடைத்ததும் தலைவன் வரவேண்டும் என விதி இருந்தது. மணிமாலை காட்டிய செய்தியைக் கணவன் ஏற்பதற்கு அவ்வாறான விதி ஏதும் இல்லை.

மணிமாலைக் கருத்து முற்றிலும் மறையவும் இல்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்து 2000-களில் பரவிய நிலைநாள் முறையில் 32 மணிகள் கோத்த மாலை பயன்படுகிறது. சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் அமையும் பெண்களுக்கு உரிய அம்முறையில் 8 முதல் 19 வரையிலான நாள்கள் கருவள நாள்களாக வெண்மணிகளால் குறிக்கப்பெறுகின்றன. அவையும் பன்னிரண்டே.

ஈராறு நாளை மீண்டும் எண்ணுதல்

1995-இல் ஆலன் வில்காக்சும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இவ்வொப்பீட்டுக்கு அளவுகோலாகத் தக்கது. கருத்தரிக்க விழைந்த 221 பெண்களின் 625 சுழற்சிகளை இயக்குநீர் அளவீட்டோடு அது ஆராய்ந்தது. முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் ஆகிய ஆறு நாள்களில் நிகழ்ந்த கூட்டத்தாலேயே கரு உண்டாயிற்று என்பது அதன் முடிவு. முட்டை வெளிப்படும் நாளில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஐந்து நாளுக்கு முன் பத்தில் ஒன்று. முட்டையின் வாழ்நாள் ஒரு நாள் அளவே. விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிர்தாங்கும். கூடிய நாளுக்கும் மகவின் பாலுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

28 நாள் சுழற்சியில் இந்த ஆறு நாள்கள் 9 முதல் 14 வரை அமையும். தொல்காப்பிய விதியை 1 முதல் 12 வரை எனக் கொள்ளும் பொருளில், மிகச் சிறந்த இறுதி இரு நாள்கள் விடுபடுகின்றன. 4 முதல் 15 வரை எனக் கொள்ளும் பொருளில் ஆறு நாளும் உள்ளடங்குகின்றன. மனுநூலின் 5 முதல் 16 வரையிலான கணக்கிலும் இவை அடங்கும். பதினோராம், பதின்மூன்றாம் இரவுகளின் விலக்கும் பெரிய இழப்பு அன்று. முந்திய இரவின் விந்தணுக்கள் உயிரோடிருக்கும் ஆதலின் அவ்விடைவெளி நிரம்பிவிடும். 24 நாள் சுழற்சியில் கருவள நாள்கள் ஏறத்தாழ 5 முதல் 10 வரை ஆதலின், அவற்றுக்கும் மூன்று நாள் கழித்தெண்ணும் கணக்கு பொருந்துகிறது.

35 நாள் சுழற்சியுடைய பெண்ணின் நிலை வேறு. அவளது கருவள நாள்கள் ஏறத்தாழ 16 முதல் 21 வரை அமைவன. ஈராறு நாளை எவ்வாறு எண்ணினும் அவை அதற்கு வெளியே நிற்கின்றன. மனுநூலின் கணக்கிலோ இறுதி இரவு ஒன்றே எஞ்சுகிறது. விதியை வழுவாது பின்பற்றி, எஞ்சிய நாள்களில் கணவன் பிரிந்து உறையும் இல்லத்தில் இத்தகைய பெண் நலமுள்ள உடலோடிருந்தும் தாயாகாமலே போயிருத்தல் கூடும். அவளுக்கு மலடி என்னும் பெயர் சூட்டப்படும். கணக்கில் நேர்ந்த குறை உடலின் குறையாகவும் வினைப்பயனாகவும் மாற்றிப் பேசப்படும். மலடிக்கு இணையாக மலடன் என்னும் சொல் தமிழில் உண்டாயினும், வழக்கில் பழி பெண்ணையே சார்ந்தது.

இத்தகைய பெண்கள் சிலரே எனக் கொள்வதற்கும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, கருவள நாள்கள் முழுவதும் சுழற்சியின் 10 முதல் 17 வரையிலான நாள்களுக்குள் அமைந்த பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதின்மரே. பதினான்காம் நாள் என இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கும் பெரும்பாலோர்க்கு நேரே பொருந்துவதில்லை. ஆகவே பழங்கணக்கை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. மகப்பேறு விழைவோர் ஒரு நாளைக் குறிவைத்துக் காத்திராமல், மாதவிடாய் ஓய்ந்த பின் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை கூடிவருதலே போதுமென்றும், ஓராண்டு கழிந்தும் கருத்தரிக்காவிடின் கணவன் மனைவி இருவரும் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்றும் இன்றைய மருத்துவம் கூறுகிறது. பெண்ணுக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே மருத்துவரை நாடுதல் நன்று எனப்படுகிறது.

நிறைவுரை

தொல்காப்பியத்தின் ஈராறு நாள் விதி, மூன்று நாள் கழித்தெண்ணும் பொருளில், நடுத்தர நீளமுடைய சுழற்சிகளின் கருவளக் காலத்தைப் பெரும்பாலும் உள்ளடக்குகிறது. பொருத்தத்துக்குக் காரணம் முட்டை வெளிப்பாட்டை அறிந்திருந்தமை அன்று. விதி ஒரு நாளைச் சுட்டாது பன்னிரண்டு நாள்களின் அகலத்தைச் சுட்டியமையும், பலகால் கண்டுணர்ந்த வாழ்வறிவும் அதற்குக் காரணங்களாகலாம். பூப்பிலிருந்து முன்னோக்கி எண்ணியமை அதன் எல்லை. இவ்வெல்லை தமிழ் மரபுக்கு மட்டும் உரியதன்று. சுசுருதர், மனு, சொரானஸ், புஷே ஆகிய அனைவரும் அதற்குள் நின்றே எண்ணினர். பின்னோக்கி எண்ணும் முறை 1924-இல்தான் நிலைபெற்றது.

இலக்கண நூற்பாவை அறிவியலின் முன்னறிவிப்பாகக் காட்டுவோர் அதனால் பொருந்தாமற்போன பெண்களை மறந்துவிடுகின்றனர். அதனை மூடவழக்கம் என ஒதுக்குவோர் அதில் உறைந்துள்ள நாளறிவையும், அவ்வறிவைப் பெண்கள் தமக்குள் காத்துச் செய்தியாக்கிய மரபையும் மறந்துவிடுகின்றனர். புறப்பாடு என்னும் ஒரு சொல்லுக்கு உரை காணும்போது மூன்று நாள் கூடுவதும் குறைவதும் ஒரு பெண்ணின் வாழ்வில் என்னவாக முடிந்திருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுதல் உரைகாண்போர் கடமையாகும்.